வாசல் மேடையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது குறித்து சேசம்மாள் சொன்னது

பெயர்: சேசம்மாள். வயது: நாற்பத்தொன்பது. கணவர் பெயர்: வேதமுத்து. கணவரின் தொழில்: பெயின்டர். சேசம்மாளின் தொழில்: மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. விலாசம்: தாராவி, தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே, குழாயடிச் சந்து, இடது கை வரிசையில் நான்காவது வீடு. சொந்த ஊர்: திருநெல்வேலி மாவட்டம், வள்ளியூர் பக்கம்.

எனக்கு இந்தி பேச வரும். எழுதப் படிக்கத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால் நான் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த காவலர் இதைத் தமிழிலேயே எழுதுகிறார். என் பக்கத்து வீட்டைக் கோடவுனாக வைத்திருக்கும் வெங்கடேஷ் என்பவர் கொடுத்த புகாரின் பேரில் நான் அழைக்கப்பட்டேன். அனுமதி இல்லாமல் ரோட்டில் ஊர்வலம் போனது ஒன்று, அவருடைய மூட்டைகளை எடுக்கவிடாமல் அடைத்து வைத்தது இன்னொன்று. இந்த இரண்டும்தான் புகார் என்று படித்துச் சொன்னார்கள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப்பொய். நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் வேதமுத்து பெயின்டர். பெரிய கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பவர். நான்கு வருடத்துக்கு முன்பு செம்பூரில் ஒரு கட்டடத்தில் சாரத்தின் மூங்கில் கட்டு அவிழ்ந்து கீழே விழுந்தார். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கையும் வாயும் முன்பு போலவே நன்றாக வேலை செய்கின்றன. எங்கள் வீடு ஒரே அறை. ஜன்னல் இல்லை. வாசலை ஒட்டிக் கட்டர், அதாவது திறந்த சாக்கடை, ஓடுகிறது. சர்ச்சில் கொடுத்த சக்கர நாற்காலி கட்டரைத் தாண்டாது, சந்துக்குள் திரும்பாது, அதனால் மடித்து வைத்தது மடித்தபடியே பரணில் கிடக்கிறது. ஆகவே அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, கட்டருக்கு மேலே நிற்கும்படி ஒரு சின்ன இரும்பு மேடை செய்து போட்டோம். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், நான்கு கால், மேலே மரப்பலகை. வாசற்படியும் மேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் அவர் கையை ஊன்றி, யார் உதவியும் இல்லாமல், தானே நகர்ந்து வெளியே வந்து உட்காருவார்.

அந்த மேடை வீட்டுச் சுவரோடு சேர்ந்தது அல்ல. நான்கு விரல் இடைவெளி விட்டுத் தனியாக நிற்கும். எங்கள் சந்தில் எல்லார் வாசல் மேடையும் அப்படித்தான். சுவரில் பதித்தால் அது கட்டடம், முனிசிபாலிட்டி இடிக்கும். தனியாக நின்றால் அது வீட்டுச் சாமான், கட்டர் அள்ள வருகிற அன்று தூக்கி ஓரமாக வைத்துக் கொள்ளலாம்.

நான் விடிவதற்கு முன்பே மெஸ்ஸுக்குப் போய்விடுவேன். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். அதுவரைக்கும் அவருக்கு அந்த மேடைதான் உலகம். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேடைப் பலகையின் விளிம்பில் ஆணி அடித்து வரிசையாக மாட்டி வைத்திருப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார். குழாயடிச் சண்டைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பஞ்சாயத்து சொல்வார். இது புகாருக்குத் தேவையா என்று கேட்கப்பட்டது. தேவை. இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் ஒரு இரும்புச் சாமானுக்காக நான் போட்ட சண்டை மாதிரி இருக்கும்.

இந்த வருடம் மழைக்கு முன்பு எங்கள் முன்பக்கச் சுவர் அடியில் ஊறிப் பொத்துக்கொண்டது. மேடையின் பின்கால் இரண்டும் துருப்பிடித்து, அவர் நகரும்போது ஆடின. சுவரைப் பூச வந்த கொத்தனார், மேடையை எடுத்தால்தான் கை வைப்பேன் என்றார். மேடைக்குப் புதுக்கால் வைக்க வேண்டுமென்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பைசானின் வெல்டிங் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

எதிர்வீட்டு சொரிமுத்து, தாதர் மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர், இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்தார். நாலு பேரும் மேடையைச் சந்து வழியாக இழுத்தும் சாய்த்தும் கொண்டுபோனார்கள். சந்தில் இரண்டு பக்கமும் மேடையும் தண்ணீர் டிரம்முமாக இருப்பதால் நாலு இடத்தில் இடித்தது. தலைக்கு மேலே தொங்கும் கேபிள் வயரில் கால் மாட்டி, வயர் அறுந்து சந்து முழுக்க டிவி நின்றுபோனது. சொரிமுத்துவின் மனைவி மாரிசெல்வி சீரியல் நேரத்தில் டிவி போன கோபத்தில், எடுத்தவர் தன் புருஷன் என்றும் பாராமல் கிழித்துவிட்டார். அந்த ஏச்சை எல்லாரும் வாங்கிக்கொண்டு எப்படியோ மேடையைக் கடையில் சேர்த்தார்கள்.

அதன் பிறகு நான் காலியான இடத்தில் ஒரு குடம் தண்ணீர் நிறைத்து வைத்தேன். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் குழாயடியில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும், அது அவரவர் இடம். எவ்வளவு பெரிய சண்டையிலும் ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்த மாட்டாள். எந்தச் சாமானையும் ரிப்பேருக்கு எடுத்தால் அந்த இடத்தில் குடம் வைப்பதும் அதே வழக்கம்தான். கொத்தனாரும் குடத்தைச் சுற்றித்தான் வேலை செய்தார்.

மேடை இல்லாத நாட்களில் என் கணவர் உள்ளேயே இருந்தார். சாவிகளை மாரிசெல்வி வாங்கி வைத்துக்கொண்டார். நான் மத்தியானம் வரும்போது டப்பாவில் வைத்த சோறு வைத்தபடி இருக்கும். கேட்டால் பசிக்கவில்லை என்பார். ஒருநாள், "மூணாவது வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?" என்று கேட்டார். மாரிசெல்வியிடம் என்று சொன்னேன். சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வாயாடுகிற மனுஷன் அப்படிப் படுத்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சுவர் பூசி முடித்த மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது குடம் என் வாசற்படியில் இருந்தது. மேடை இருந்த இடத்தில் கட்டர் மேலே கல் பரப்பி, அதில் வெங்கடேஷின் பிளாஸ்டிக் மணி மூட்டைகள் படுக்க வைக்கப்பட்டிருந்தன. நான் அவர் கோடவுன் வாசலில் நின்று கேட்டேன். இரண்டு நாளில் எடுத்துவிடுவதாகச் சொன்னார். அதன் பிறகும் எடுக்கவில்லை. மறுபடியும் போய்க் கேட்டேன். அப்போது அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"அரே அக்கா, சந்து என்ன உங்க பேர்லயா இருக்கு? காலியா கிடந்துச்சு, வச்சேன். அண்ணன் உள்ளயே ஆராமா இருக்கட்டுமே. வெளிய வந்து அவர் என்ன பண்ணப் போறார்?"

என் கணவர் கதவுக்கு உள்ளே மூன்றடி தூரத்தில் படுத்திருந்தார், அவர் காதில் விழுந்திருக்கும். நான் குனிந்து என் சேலை முந்தானையை மூட்டையின் பக்கத்தில் வைத்து, தரையிலிருந்து மூட்டை எவ்வளவு உயரம் என்று அளந்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். வெங்கடேஷ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெண்பிள்ளை ஏதோ சேலையைச் சரி செய்கிறாள் என்று நினைத்திருப்பார்.

அங்கிருந்து நேராக பைசானின் கடைக்குப் போய், முந்தானையைக் காட்டி, புதுக்கால் நான்கும் இந்த முடிச்சைவிட நாலு விரல் கூட இருக்க வேண்டும் என்று சொன்னேன். "ஆன்ட்டி, இத்னா ஊஞ்சா?" என்று கேட்டார். ஆமாம் இவ்வளவு உயரம்தான் என்றேன். அதன் பிறகு கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டு, வாசற்படியையும் அதே அளவுக்கு ஒரு வரிசை செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னேன். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கவும் அது நல்லதுதான். ஆனால் மழைக்காக மட்டும் செய்தேன் என்று இங்கே பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு, மேடையைத் திருப்பிக் கொண்டுவர சொரிமுத்துவைக் கேட்டேன். அவர் சொன்னார், இழுத்துக்கொண்டு வந்தால் மறுபடியும் வயர் அறும், மாரிசெல்வி சோறு போட மாட்டாள், ஆகவே சப்பரம் தூக்குகிற மாதிரித் தூக்குவோம் என்று. அதாவது அடியில் இரண்டு மூங்கிலை நீளவாக்கில் கட்டி எட்டு பேர் தோளில் எடுப்பது. எங்கள் சர்ச் திருவிழாவிலும் சரி, அவர்கள் கோயில் கொடையிலும் சரி, இந்த ஆட்கள் எல்லாருக்கும் அது பழக்கம். தோளில் எடுத்தால் டிரம்முக்கும் மேடைகளுக்கும் மேலே போய்விடும். ஆனால் வயருக்கு, சப்பரத்தில் செய்வது போல, மேலே ஒரு ஆள் உட்கார்ந்து கவைக்கம்பால் வயரைத் தூக்கிவிட்டுக்கொண்டே வர வேண்டும். கனமான ஆள் ஆகாது, கை பலமாக இருக்க வேண்டும். யாரை ஏற்றுவது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

உள்ளேயிருந்து என் கணவர், "நான் இருக்கேம்லா" என்றார்.

சொரிமுத்து, "அண்ணாச்சி, கடை வரைக்கும் என் முதுகுல ஏறணும், சம்மதமா?" என்று கேட்டார். யார் முதுகிலும் ஏற மாட்டேன், என்னைப் பிணம் மாதிரி யாரும் தூக்க வேண்டாம் என்று நான்கு வருடமாகச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக்கூட வர மறுத்தவர் அவர். இப்போது என்னைப் பார்த்து, "ஏளா, அந்தப் பட்டன் சட்டைய எடு. வேலைக்குப் போறவன் பனியனோடயா போவான்?" என்றார். நான் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, முகம் தெரியாமல் இருக்க அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடையில் மூங்கிலைப் பார்த்ததும் எனக்குச் செம்பூர்ச் சாரம்தான் ஞாபகம் வந்தது. அவர் சொரிமுத்துவின் முதுகில் இருந்தபடியே ஒவ்வொரு கயிற்றுக் கட்டையும் கையால் இழுத்துப் பார்த்தார். இரண்டு கட்டு சரியில்லை என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார். அதன் பிறகே மேடையில் ஏறினார். எட்டு பேரும் தோள் கொடுத்து ஒரே மூச்சில் எழுந்தார்கள்.

கடையிலிருந்து ரோட்டைக் குறுக்கே கடந்தால் எங்கள் சந்து வந்துவிடும். ஊர்வலம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் ரோட்டு ஓரத்துக்கு வந்ததும் என் கணவர் மேலிருந்து என்னைக் கூப்பிட்டு, "சர்ச் முக்கு வரைக்கும் போயிட்டு வருவமா? பெயின்ட் அடிச்சிருக்காவளாமே" என்று கேட்டார். தூக்குகிறவர்களின் தோளைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். போங்கள் என்று நான்தான் சொன்னேன். சுற்றுவழி போகச் சொன்னது நான், சொரிமுத்துவோ மற்றவர்களோ அல்ல. இந்தக் குற்றத்தை என் பேரில் மட்டும் எழுதவும்.

ரோட்டில் மேளம் இல்லை, கோஷம் இல்லை, கொடி இல்லை. ஆனாலும் எட்டு பேர் தோளில் ஒருவர் சட்டை போட்டுக் கம்பு பிடித்து உட்கார்ந்து வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. அது என் தப்புதான். ஆட்டோக்கள் தாமாக ஒதுங்கி நின்றன. பூ விற்கிற பெண் ஒரு முழம் பூவை மேடைமேல் எறிந்தாள். ஒரு அம்மா கைக்குழந்தையை மேலே நீட்டினாள். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளை நெற்றியில் சிலுவை போட்டார். வேறு என்ன செய்வார்? இட்லிக் கடைக்காரர் எந்தச் சாமி என்று கேட்டதற்கு சொரிமுத்து, "பெயின்டர் சாமி" என்று பதில் சொன்னார். இதில் எந்த மதத்தையும் அவமதிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. சிரித்தோம், அது உண்மை. என் கணவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சர்ச் முக்கில் நிறுத்தச் சொல்லி, கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டாவது கோட் சரியாக அடிக்கவில்லை என்று குறை சொன்னார். பிறகு திரும்பினோம்.

சந்துக்குள் அவர் ஒவ்வொரு வயராகக் கவைக்கம்பால் தூக்கிவிட்டுக்கொண்டே வந்தார். ஒரு வயர்கூட அறவில்லை. மாரிசெல்வி வாசலில் நின்று டிவி ஓடுகிறது என்று கை காட்டினார்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது மூட்டைகள் அப்படியே கிடந்தன. வெங்கடேஷ் கோடவுன் படியில் நின்றார். மூட்டையை எடுக்கச் சொல்லி அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற கட்டம் முடிந்துபோயிற்று. எட்டு பேரும் மேடையை மெதுவாக இறக்கினார்கள். நான்கு காலும் மூட்டைகளுக்கு வெளியே, கட்டரின் இரண்டு கரையிலும், பழைய இடத்திலேயே நின்றன. மூட்டைகள் அடியில் இருந்தன. ஒரு மூட்டைகூட நசுங்கவில்லை, கிழியவில்லை. யார் கையும் அதன்மேல் படவில்லை. என் கணவர் உயர்த்திக் கட்டிய படிக்கும் மேடைக்கும் நடுவே கையை வைத்து மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. உள்ளே போய், திரும்ப வெளியே வந்து, சந்தைப் பார்த்துக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் வெங்கடேஷ் சத்தம் போட்டார். என் சரக்கை எப்படி எடுப்பது என்று கேட்டார். மேடைக்கு ஒரு பக்கம் எங்கள் தண்ணீர் டிரம், மறுபக்கம் அவர் கோடவுன் படி, பின்னால் வீடு. ஆகவே முன்பக்கமாகத்தான் இழுக்க முடியும். முன்பக்கம் என் கணவரின் கால் தொங்குகிறது. என் கணவர் கோபப்படாமல் சொன்னார்: "தாராளமா எடுத்துக்கோ தம்பி. ஆனா என் காலை என்னால நகத்த முடியாது. நீயே ஒரு பக்கமா தூக்கி வச்சிட்டு எடுத்துக்கோ."

வெங்கடேஷ் அந்தக் காலைப் பார்த்தார். கிட்டே வந்தார். குனியக்கூடச் செய்தார். அதன் பிறகு நிமிர்ந்து, போலீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டு பேரை வைத்து மிரட்டினேன் என்று அவர் இங்கே சொல்லியிருந்தால் அது பொய். அந்த எட்டு பேரும் அந்நேரம் மாரிசெல்வி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு தோளைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

மேடையை எடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்கப்பட்டது. முடியாது. என் பதில் அவ்வளவுதான். மூட்டைகளை நான் அடைத்து வைக்கவில்லை. இரவில் என் கணவர் உள்ளே வந்து படுத்துவிடுகிறார். அப்போது முன்பக்கம் திறந்துதான் கிடக்கிறது. இன்று வரை ஒரு இரவுகூட வெங்கடேஷ் வந்து எடுக்கவில்லை. ஆகவே அவருக்கு வேண்டியது மூட்டை இல்லை, இடம். பகலில் வேண்டுமானாலும் வரட்டும், காலைத் தூக்கி வைத்துவிட்டு எடுக்கட்டும். வெளியே வந்து அவர் என்ன பண்ணப் போகிறார் என்று கேட்டவருக்கு நான் வைத்திருக்கும் பதில் அதுதான். என் கணவர் இப்போது, நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். காலையில் பதினோரு வீட்டுச் சாவி அவரிடம் வந்தது. இந்த ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன் என் வீட்டுச் சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஒரு விஷயம் பதிவாக வேண்டும். புதுக்கால்களுக்கு இப்போது ரெட் ஆக்சைடு மட்டும்தான் அடித்திருக்கிறது. மழைக்காலத்தில் பெயின்ட் காயாது. மழை முடிந்ததும் மேடையைத் திரும்பவும் வெளியே எடுத்துக் காய வைத்து, இரண்டு கோட் பெயின்ட் அடிக்க வேண்டும். அடிக்கப்போவது என் கணவர்தான், என்ன நிறம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அப்போதும் எட்டு பேர் தோளில்தான் வரும், சர்ச் முக்கு வழியாகத்தான் வரும். இந்தத் தடவை அனுமதி கேட்கவில்லை என்பதுதானே புகார். அந்தத் தடவைக்கு இப்போதே கேட்கிறேன். மனு எழுத ஒரு தாள் கொடுத்தால் இங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கணவரின் தொழில் என்ற இடத்தில் காவலர் தாமாக 'இல்லை' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு 'பெயின்டர்' என்று எழுதச் சொன்னேன். அடித்து எழுதி, பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. யாருக்கும் பயந்தும் சொல்லவில்லை, யாரும் சொல்லிக் கொடுத்தும் சொல்லவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
வே. சேசம்மாள்